யானையடியில் பத்தரை மணிக்கு

உரும்பிராய்,
சனிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகன் நிருஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம், முழங்கால் மட்டும் தன் பாட்டில் இருக்கிறது, அதைப் பற்றி நீ விசாரிக்கத் தேவையில்லை. நீயும் அங்கே நோர்வேயில், பேர்கனில் தடிமன் காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நித்திரை முழிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், அதற்காகப் பிள்ளையாருக்கு நினைவூட்ட வேண்டியதை வெள்ளிக்கிழமைதோறும் நினைவூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ஓமோ இல்லையோ என்று மட்டும் கேட்கிறாய், நடந்ததை ஒழுங்காகச் சொல்ல விடுகிறாய் இல்லை. பக்கத்து வீட்டு நல்லம்மாவின் மகள் புதன்கிழமை ஒஸ்லோவுக்குப் பயணம், அவளிடம் மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிறவன் என்பது எனக்குத் தெரியும், ஆகையால் பக்கங்களுக்கு இலக்கம் போடவில்லை.

அரியாலைப் பிள்ளை உதயகலாவை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், பார்த்து ஓம் என்றால் கலியாணம், இல்லை என்றால் நீ வேறு ஒருவரையும் கட்டப் போவதில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் அங்கே வேலை செய்கிற பிள்ளையோடு பழக்கமாகி, இரண்டு வருடம் போனில் கதைத்து, எல்லாம் முடிந்த பிறகு தாய்க்கு அறிவிப்பது எங்கள் வீட்டில் புதிய முறை. பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது என்பதை முதல் நாள் சொன்னாய், கட்டிப் புருசனை இழந்தவள் என்பதை இரண்டாம் முறை எடுத்தபோது சொன்னாய், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்பதை மூன்றாம் முறை, அதுவும் வைக்கப் போகிற நேரத்தில் சொன்னாய். நான் யோசிக்க வேண்டும் என்றேன். யோசித்தேன். என் யோசனை இல்லை என்ற பக்கம்தான் சாய்ந்திருந்தது, அதை மறைத்து எழுத எனக்கு வராது. புருசன் செத்தவள் என்பதற்காக அல்ல, அதைக் குறையாகச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது. உனக்கு இது முதற்கலியாணம், ஊரில் நாலு பேர் கேட்பார்கள், கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். இதுதான் உண்மையான காரணம், பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பிறகு எங்கே பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அரியாலைக்கு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவார்கள், குடித்தால் கலியாணம் முற்றாகிவிட்டது என்று அர்த்தம், குடிக்காமல் எழும்பி வந்தால் முகத்தில் அடித்த மாதிரி. கோயிலில் பார்ப்பதுதான் வழக்கம், ஆனால் நல்லூருக்குப் போனால் உரும்பிராயில் பாதி அங்கே தூணுக்குப் பின்னால் நிற்கும். உன் செல்வநாயகி மாமி வந்து இரண்டு நாள் இருந்து யோசித்தார். அப்பாவின் தங்கை என்ற முறையில் கதைத்துப் பேசுகிற பொறுப்பு தன்னுடையது என்று அவரே எடுத்துக்கொண்டார். கடைசியில் உன் தங்கை கஜானிதான், கொடிகாமத்துக்குப் போகிற வழியில் வயலுக்குள் போன வருடம் திறந்த பூங்காவுக்குப் போவோம் என்றாள். ராட்டினம், சின்ன ரயில், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் இருக்கிறதாம், அவளுடைய பிள்ளைகளும் ஒரு மாதமாகக் கரைச்சல், எங்கள் ஆக்களில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கும் என்றாள். மாமிக்கு அந்தத் தற்செயல் பிடித்துக்கொண்டது.

மாமியும் உதயகலாவின் தாயார் பத்மாசினியும் போனில் கதைத்து, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு யானையடியில் தற்செயலாகச் சந்திப்பது என்று ஒழுங்கு செய்தார்கள். யானை என்பது பூங்காவுக்குள் நிற்கிற பெரிய பிளாஸ்ரிக் யானை, கஜானி போனில் படம் காட்டினாள். தற்செயலுக்கும் மாமி விதிகள் வைத்திருந்தார். நாங்கள் முதலே போய் மறைவாக ஓரிடத்தில் இருந்து அவர்கள் நடந்து வருவதைப் பார்க்க வேண்டுமாம், தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து நடக்கும்போதுதான் ஒரு பெண்ணின் குணம் தெரியுமாம். ஆகவே விடிய ஏழரைக்கே மருமகன் சிவரூபன் வானை எடுத்தார். கஜானி, அவள் பிள்ளைகள் ஜெசிதாவும் பிரகலாதனும், மாமி, நான். கோப்பாய்ப் பாலத்தால் கைதடிக்கு ஏறி, சாவகச்சேரியில் பிரகலாதனுக்கு ஒருமுறை நிறுத்தி, ஒன்பது பத்துக்குப் பூங்கா வாசலில் இறங்கினோம். கேற் பூட்டியிருந்தது, பத்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. பூட்டிய கேற்றுக்கு முன்னால் ஒரு ஓட்டோ நின்றது. ஓட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, ஒரு இளம் பெண், ஒரு சிறுமி. நாங்கள் நடந்து வருவதை மறைவாக இருந்து பார்ப்பதற்கு அவர்களும் முதலே வந்துவிட்டார்கள்.

வேறு ஒரு சீவனும் அங்கே இல்லை. சுற்றிவர வயல், ஒரு பசுமாடு. நீ அனுப்பிய படத்தைப் பார்த்திருந்ததால் உதயகலாவை எங்கள் எல்லோருக்கும் தெரியும், எங்களையும் அவர்களுக்குத் தெரியும் என்பது அவர்கள் மாட்டைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. மாமி வாயை அசைக்காமல், இன்னும் பத்தரை ஆகேல்லை, ஒருத்தரும் தெரிஞ்ச மாதிரிப் பாக்காதேங்கோ என்றார். பத்மாசினியும் வாயை அசைக்காமல் தன் மகளுக்கு ஏதோ சொன்னதைக் கண்டேன். இப்படி ஐம்பது நிமிடம் பத்தடி இடைவெளியில் இரண்டு குடும்பம் ஒன்றையொன்று தெரியாமல் நின்றோம். கேற்றில் பூங்காவின் விதிமுறைகள் எழுதிய பலகை இருந்தது, மொத்தம் பதினேழு, நான் நாலு தரம் வாசித்தேன், எட்டாவதும் பதின்மூன்றாவதும் ஒன்றையே சொல்கின்றன. உதயகலாவும் வந்து அதே பலகையை வாசித்தாள், நான் வாசித்து முடியும் வரைக்கும் விலகி நின்று, நான் நகர்ந்த பிறகு வந்து வாசித்தாள். அது எனக்குப் பிடித்தது என்று இப்போது எழுதலாம், அந்த நேரம் நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் இப்படி நிற்க, பிரகலாதன் நேரே போய் அந்தச் சிறுமியிடம் பெயர் கேட்டான். நிவேதனா என்றாள். இவன் தனக்கு ஐந்து வயது என்றும் தன்னிடம் இரண்டு சோடி சப்பாத்து இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, எங்கடை மாமாவுக்குப் பொம்பிளை பாக்க வந்தனாங்கள், ஆருக்கும் சொல்லக் கூடாது என்றான். அதற்கு அவள், என்ரை அம்மாவைப் பாக்க ஆக்கள் வருகினம், ஆனால் பத்தரைக்குத்தான் வருவினம், அதுமட்டும் எங்களுக்கு உங்களைத் தெரியாது என்றாள். அந்த வயல்வெளியில் இரண்டு பிள்ளைகள் கதைத்தால் கொடிகாமம் வரைக்கும் கேட்கும். எல்லோருக்கும் கேட்டது. சிவரூபன் வானுக்குள் எதையோ தேடுவதற்காக ஏறினார். பத்மாசினி குடையை விரித்து மடக்கினார். மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பதே முக்கால் என்றார். அவ்வளவுதான், பத்தரை வரைக்கும் தெரியாமல் நிற்பது என்ற ஒழுங்கு மாறவில்லை.

கேற் திறந்த பிறகும் மாறவில்லை. பிள்ளைகள் மூவரும் சேர்ந்து ஒன்றாக ஓட, நாங்கள் அவரவர் பிள்ளைகளுக்குப் பின்னால் தனித்தனியாகப் போனோம். முதலில் சின்ன ரயில். அதை ஓட்டுகிறவர் எங்களை ஒரே குடும்பம் என்று எண்ணி, சின்னப் பெட்டிகளாய் இருப்பதால் பெரியம்மாமார் இரண்டு பேரும் ஒன்றாய் இருங்கோ என்று மாமியையும் பத்மாசினியையும் ஒரே இருக்கையில் ஏற்றினார். முழங்காலோடு முழங்கால் முட்ட, ஒருவர் வயலையும் மற்றவர் தண்ணீர்த் தாங்கியையும் பார்த்துக்கொண்டு மூன்று சுற்று வந்தார்கள். கொன்வென்ற்றில் எங்களுக்கு மதர் சொல்லித் தந்தது, நல்ல வீட்டுப் பிள்ளை ஓடுவதில்லை, நடந்துகொண்டு சாப்பிடுவதில்லை, பல்லைக் காட்டிச் சிரிப்பதில்லை. அன்று அங்கே எல்லோரும் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தார்கள், உன் தங்கை உட்பட. உதயகலா ஓடவில்லை. ஆனால் சிரித்தாள், நல்ல சத்தமாக, கடைவாய்ப் பல்லில் அடைத்திருப்பது தெரிகிற அளவுக்கு. நீ அதைச் சொல்லியிருக்கவில்லை.

பத்தரை ஆனது. மாமி சேலையை இழுத்து விட்டுக்கொண்டு யானையின் தும்பிக்கைக்கு நேர் கீழே போய் நின்றார். எதிர்ப்பக்கத்தால் பத்மாசினி வந்தார். மாமி அப்போதுதான் முதன்முதலாகக் கண்டவர் போல, உங்களை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு என்றார். பத்மாசினி நேர்மையான மனுசி, ஓம், காலமை கேற்றடியிலை என்றார். மாமி அதற்கு மறுமொழி யோசித்துக்கொண்டிருக்கும்போதே யானை தண்ணீர் விட்டது. அரை மணிக்கு ஒருமுறை தும்பிக்கையால் தண்ணீர் விடுவது அந்த யானையின் வேலையாம், போன் படத்தில் அது தெரியவில்லை. பத்மாசினி குடை வைத்திருந்ததால் ஓரளவு தப்பினார். மாமி அசையவில்லை. நனைந்தபடியே, நாங்கள் உரும்பிராய், இது என்ரை மச்சாள், தமையன்ரை மனுசி என்று என்னை அறிமுகம் செய்து முடித்த பிறகுதான் முகத்தைத் துடைத்தார். உன் அப்பாவின் குடும்பத்தில் இந்தக் குணம் எல்லோருக்கும் உண்டு.

பிறகு வாங்குப் பலகை ஒன்றில் இருந்து கதைத்தோம், அதாவது மாமி முந்தானையைப் பிழிந்து பிழிந்து கேட்டார், மற்றவர்கள் பதில் சொன்னார்கள். நட்சத்திரம், காணி, தகப்பனின் ஊர், வேலை நிரந்தரமோ இல்லையோ. அந்தச் சம்பவம் நடந்து கன காலமோ என்று மாமி குரலைத் தாழ்த்திக் கேட்க, உதயகலா குரலைத் தாழ்த்தாமல், அவர் செத்து அஞ்சு வருசம் அன்ரி, டெங்கு, நாலு நாள்தான் என்றாள். மாமிக்கு அந்தச் சொல் பெரிதாகப் பட்டது, என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் படவில்லை. செத்ததைச் சம்பவம் என்று சொன்னால் ஆள் திரும்பி வரப் போவதில்லை. பத்மாசினி எல்லோருக்கும் ஐஸ்பழம் வாங்கி வந்தார். அதை வாங்கலாமா என்பதில் சிக்கல், பெண் வீட்டாரின் கையால் எதையும் வாயில் வைக்கக் கூடாது. மாமி உடனே தீர்ப்புச் சொன்னார், பிள்ளைகள் சாப்பிடலாம், அவர்களுக்கு விளங்காது, பெரியவர்கள் பல் கூசும் என்று சொல்ல வேண்டும். நாங்கள் மூவரும் வரிசையாகப் பல் கூசும் என்றோம். சிவரூபன் தூரத்தில் நின்றதால் தீர்ப்பைக் கேட்கவில்லை, இரண்டு சாப்பிட்டார். இந்தக் கலியாணம் சரிவராமல் போயிருந்தால் அது அவர் தலையில் விழுந்திருக்கும்.

நான் அதுவரைக்கும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை நல்லவள் என்பது தெரிந்தது, நல்லவள் என்பதற்காக ஓம் சொல்ல வேண்டும் என்றில்லை, ஊரில் நல்லவர்கள் கன பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் உனக்கு எப்படி இல்லை என்று எழுதுவது என்று வசனத்தைக்கூட மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன், மரியாதையான வசனம். அந்த நேரம் பிள்ளைகளுக்கு ராட்டினத்தில் ஏற வேண்டும் என்று வந்தது. ஒரு பெட்டியில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம், அது விதிமுறைப் பலகையில் ஆறாவது. ஜெசிதாவைச் சிவரூபன் கூட்டிப் போனார், பிரகலாதனைக் கஜானி கூட்டிப் போனாள். நிவேதனா வரிசையில் நின்றாள், தாய் செல்வநாயகி மாமியிடம் அகப்பட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. வரிசையிலிருந்து தானே வெளியே வந்து, நான் பிறகு ஏறுறன் என்று ராட்டினக்காரருக்குச் சொன்னாள். ஒரு ஆறு வயதுப் பிள்ளை ராட்டினத்தில் பிறகு ஏறுகிறேன் என்று சொல்வதை நான் இதுவரை கேட்டதில்லை. எழும்பிப் போய், இந்தப் பிள்ளையோடு நான் வாறன் என்றேன். மாமி கேட்ட கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டார். எழுபத்திமூன்று வயதில் நான் ராட்டினத்தில் ஏறினேன் என்று நீ போனில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.

மேலே போனதும் ஆட்களை ஏற்றுவதற்காக நிறுத்தினார்கள். தென்னந்தோப்பும் வயலும் கண்டி வீதியும் தெரிந்தன, அழகுதான், ஆனால் பெட்டி ஆடியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தேன். பிள்ளை பயப்படவில்லை. நீங்கள்தானோ நிருஷன் அங்கிளின்ரை அம்மா என்று கேட்டாள். ஓம் என்றேன். அங்கிள் ஞாயிற்றுக்கிழமையிலை எடுப்பார், எனக்கு நோர்வேயிலை பத்து வரைக்கும் எண்ணத் தெரியும் என்று எண்ணிக் காட்டினாள், ஏழில் கொஞ்சம் தடக்கியது. நீ ஒரு பிள்ளைக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கிறவன் என்பது எனக்குப் புதிய செய்தி, சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு, நீங்கள் ஓம் சொல்லுவியளோ என்று கேட்டாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை பிள்ளை என்றேன். அவள் என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரி, என்னாலை ஒரு கரைச்சலும் இல்லை, அம்மா முதல் போவா, நான் அம்மம்மாவோடை நிப்பன், எனக்கு எட்டு வயசு வந்தாப் பிறகு அங்கிள் கூப்பிடுவார், எல்லாம் கதைச்சு முடிஞ்சுது என்றாள். அதுவரைக்கும் அழ மாட்டீரோ என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவுக்குக் கேட்டால்தான் பிரச்சினை, நான் பழகிப் பாத்தனான், குளிக்கிற அறைக்குள்ளை பைப்பைத் திறந்துவிட்டு அழுதால் வெளியிலை கேக்காது என்றாள். சொல்லிவிட்டு, அந்தா எங்கடை ஓட்டோ என்று கீழே காட்டினாள். ராட்டினம் திரும்பச் சுற்றத் தொடங்கியது. இன்னும் மூன்று சுற்று இருந்தது, மூன்று சுற்றும் நான் அந்த ஓட்டோவைத்தான் பார்த்தேன்.

பிள்ளையை இரண்டு வருடம் பிரித்து வைக்கிற யோசனை உன்னுடையது என்பதை, நிருஷன், நீ எனக்குப் போனில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இறங்கியதும் நேரே போய் வாங்கில் இருந்தேன், முழங்கால்தான் என்று கஜானிக்குச் சொன்னேன். மத்தியானம் கட்டுச் சோற்றை அவரவர் சாப்பிட்டு, பிள்ளைகள் தண்ணீரில் நனைந்து, காய்ந்து, வெளிக்கிடும்போது இரண்டு மணி. வெளியே போகிற வழியில் ஒரு படப்பிடிப்பாளர் நின்று குடும்பப் படம் எடுக்கிறார், பின்னுக்கு ஒரு பிளாஸ்ரிக் கோட்டை. கஜானி எடுப்போம் என்றாள், எல்லோரும் தலையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றார்கள். இப்போது நான் எழுதுவதை நிதானமாக வாசி. அப்பா போய்ப் பதினொரு வருடம். இந்தப் பதினொரு வருடத்தில் எந்தக் கலியாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் நான் முன்னுக்கு நின்றதில்லை. நிற்க வேண்டாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னதும் இல்லை. ஒருவர் சொல்லி நான் விலகுகிற நிலை வரக் கூடாது என்று, சொல்வதற்கு முதல் நானே விலகிவிடுவேன். கஜானியின் கலியாணத்தில் படக்காரன் கூப்பிட முதலே நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன், அவளுடைய அல்பத்தில் நான் ஒரு படத்திலும் இல்லை, அது உனக்குத் தெரியுமோ தெரியாது. அதை நான் ஒரு மரியாதை என்று வைத்திருந்தேன். வியாழக்கிழமையும் பழக்கத்தில் நான் படக்காரருக்குப் பின்னால் வந்துவிட்டேன்.

அங்கே உதயகலா நின்றாள். எல்லோருடைய பைகளையும், பிள்ளைகளின் ஈரச் சட்டைகளையும், மாமியின் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ அதற்காகத்தான் வந்தவள் போல நின்றாள். அவளையும் ஒருவரும் விலகச் சொல்லவில்லை. அவளும் சொல்வதற்கு முதலே வந்துவிட்டாள். அந்தக் கால் எடுத்து வைக்கிற விதம் எனக்குத் தெரியும், ஊரில் அதை என்னைவிட நன்றாகச் செய்கிறவர்கள் இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நிமிடம் கழித்து, வரிசையில் பிரகலாதனுக்குப் பக்கத்தில் நின்ற நிவேதனா திரும்பித் தாயைத் தேடினாள், தாய் நிற்கிற இடத்தைக் கண்டாள், ஒன்றும் கேட்காமல் வரிசையை விட்டு நடந்து வந்து தாயின் கையில் இருந்த பைகளில் ஒன்றைத் தான் வாங்கிக்கொண்டாள். படக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்து, ஏனம்மா நீங்கள் மூண்டு பேரும் இங்காலை என்று கேட்டார். மாமி முன்னுக்கு நின்று, அவை நிக்க மாட்டினம், நீர் எடும் தம்பி என்றார். மாமியில் பிழை இல்லை. பதினொரு வருடமாக எனக்காக அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது வாயில் இருக்கிறது, அன்று மூன்று பேருக்குச் சேர்த்துச் சொன்னார்.

நான் உதயகலாவிடம், பிள்ளை, உதுகளை நிலத்திலை வையும் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தாள். திரும்பச் சொன்னேன். வைத்தாள். நிவேதனாவும் தன் பையை வைத்தாள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நின்றேன், மாமி இடம் விட்டார், கேள்வி கேட்கவில்லை, அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை. பத்மாசினி குடையை விரிக்கத் தொடங்கினார், படத்துக்குக் குடை வேண்டாம் என்று கஜானி வாங்கி வைத்தாள். படம் இத்துடன் வைத்திருக்கிறேன். என் கண் மூடியிருக்கிறது. கன காலத்துக்குப் பிறகு நிற்பதால் அந்த வெளிச்சத்துக்குப் பழக்கமில்லை. இன்னொன்று எடுப்போம் என்று படக்காரர் கேட்டார், ஒன்று காணும் என்றேன்.

வானடிக்குப் போகும்போது உதயகலாவை மட்டும் நிறுத்தி, பிள்ளையை விட்டுவிட்டுப் போவது உம்முடைய விருப்பமோ என்று கேட்டேன். அன்று நான் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அது. இல்லை அன்ரி என்றாள். அவர்தான் அப்பிடிச் செய்தால் லேசு எண்டு சொன்னவர், நான் மறுத்துக் கேக்கேல்லை, கனக்கக் கேட்டால் கிடைக்கிறதும் போயிடும் எண்டு பயம் என்றாள். அதற்கு நான் மறுமொழி சொல்ல வேண்டியது அவளிடம் அல்ல.

ஆகவே இப்போது சொல்கிறேன். எனக்கு ஓம். ஊர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்வேன், நீ அதை யோசிக்க வேண்டாம், கலியாணத்தில் தாயின் இடத்தில் நானே நிற்பேன் என்பதையும் மாமிக்குச் சொல்லிவிட்டேன், அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் என் ஓம் இரண்டு பேருக்கும் சேர்த்து. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் போட வேண்டும், ஒரே விமானத்தில் இரண்டு இருக்கை எடுக்க வேண்டும், இரண்டு பெயரும் போட்ட கடதாசியை நீ எனக்கு அனுப்ப வேண்டும், அதை என் கையில் வைத்துக்கொண்டுதான் ஐயரிடம் நாள் கேட்கப் போவேன். லேசு இல்லை என்று சொல்வாய், ஓம், லேசு இல்லைத்தான். ஒரு வருடம் கூடப் பிடித்தால் ஒரு வருடம் பொறுத்துக் கட்டு, உனக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதில் கட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. இதற்கு உன்னால் முடியாது என்றால் நானே அரியாலைக்குப் போய், என் மகன் சரியில்லை என்று அந்தத் தாய்க்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவேன். இவ்வளவு காலத்தில் உன்னைப் பற்றி நான் ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை, சொல்ல வைக்காதே.

நீ கெட்டவன் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணச் சொல்லிக் கொடுக்கிறவன் கெட்டவனாக இருக்க முடியாது. யோசிக்காமல் விட்டிருக்கிறாய், அவ்வளவுதான். பிள்ளையாரும் உன் அப்பாவும் உனக்குத் துணையாக இருந்து நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, மிளகாய்த்தூளை ஈரம் படாத போத்தலில் போட்டு வை, நல்லம்மாவின் மகளுக்கு மறக்காமல் நன்றி சொல். படத்தோடு பூங்காவில் தந்த துண்டுப் பிரசுரம் ஒன்றும் இருக்கும், குப்பை என்று எறிந்துவிடாதே. வெளிக்கிட முதல் நிவேதனாவை அதன் பின்பக்கத்தில் நிற்கவைத்துப் பேனையால் காலைச் சுற்றிக் கோடு கீறியிருக்கிறேன். இடது கால் கொஞ்சம் பெரிது, அதைப் பார்த்துக் குளிர்ச் சப்பாத்து வாங்கு, இரண்டு அளவு கூடுதலாக வாங்கினால் நீ கடதாசி அலுவல் முடிக்கும்போது சரியாக இருக்கும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அம்மா,
குணலட்சுமி நடராசா.